அழாத பெண்ணுக்குக் குரல் கொடுத்தவள்

சிட்டுவின் வீட்டுக்கு யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பாப்பா, வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. காதோரம் நரைத்து, முழங்காலில் வலி வந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறும் காலத்திலும் குரல் மட்டும் பத்து வயதிலேயே நின்றுவிட்டது. காப்பீடு விற்கிறவர்களும் தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்களும், "போனை அம்மாகிட்ட குடும்மா" என்பார்கள். "அம்மா இல்லீங்க" என்று வைத்துவிடுவாள். பொய்யும் இல்லை, வேலையும் முடிந்தது.

அந்தக் குரல்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது. திரையில் அழுகிற, சிணுங்குகிற, கூட்டத்தில் தொலைந்துபோகிற சின்னப் பெண்களில் பாதிப் பேர் அவள் தொண்டையில்தான் பேசினார்கள். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்று, எதிரே சத்தமில்லாமல் ஓடும் காட்சியைப் பார்த்து, அந்த உதட்டசைவுக்குள் தன் பேச்சைப் பொருத்துவது வேலை. ஒன்பது வயதில் முதன்முதலாக உள்ளே போனபோது அங்கிருந்த ஒலிப்பதிவாளர், "யாருய்யா இது, சிட்டுக்குருவி மாதிரி" என்று கேட்டார். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் போயிற்று. வீட்டிலும் அவள் சிட்டுதான்.

அவளை அங்கே கூட்டிப்போனவர் அப்பா. ஒரு சினிமா தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் அவர். படப்பெட்டி கொண்டுவரும் ஆள் ஒருநாள், குழந்தைக் குரல் கிடைக்காமல் ஒரு படம் அப்படியே நிற்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்ல, மறுநாளே மகளைக் குளிப்பாட்டித் தலைவாரி அழைத்துப் போனார். அழுகிற காட்சி. சிட்டு முதல் தடவையிலேயே அழுது முடித்தாள். எப்படி இவ்வளவு இயல்பாக அழுகிறாய் என்று கேட்டதற்கு, "எங்கம்மா திட்டினா இப்படித்தான் அழுவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அதைப் பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பாள். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும் கரகரத்த, தாழ்ந்த குரல் அவளுக்கு. முகம் பார்க்காமல் கேட்டால் ஆண்பிள்ளை பேசுகிறான் என்றுதான் நினைக்கத் தோன்றும். "என் வயித்துல பொறந்துட்டு இந்தக் கீச்சுக்குரல் எப்படி? ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று மகளைக் கிண்டல் செய்வாள். குளிர்ந்ததைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அம்மா எப்போதாவது அவர் தலை மறைந்ததும் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு ஐஸ்கட்டி வாங்கிவந்து மகள் வாயில் போட்டு, "அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்பாள். இருவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சிட்டுவுக்குப் பதின்மூன்று வயதானபோது அடுத்தடுத்து எல்லாம் நடந்தது. தியேட்டரை மூடினார்கள். அப்பாவுக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. வேறு வேலைக்குப் போக முடியவில்லை. அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வீடு திரும்பவில்லை.

வீடு முழுக்க ஆட்கள். சொந்தக்காரப் பெண்கள் சிட்டுவைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். அவளுக்கும் நெஞ்சு விம்மி மேலே வந்தது. அதற்குள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து, தையல் மெஷின் இருந்த அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கையில் ஒரு டம்ளர் வெந்நீர். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அழாத கண்ணு. தொண்டை கட்டிக்கும். நாளைக்கு வேலை இருக்கு."

சிட்டு வெந்நீரைக் குடித்தாள். வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. மறுநாள் கண்ணாடி அறையில், பூனைக்குட்டியைத் தொலைத்த ஒரு பணக்காரவீட்டுப் பெண்ணுக்காக மூக்கு ஒழுக அழுதாள். இந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்றார்கள். முந்தின நாள் என்ன நடந்தது என்று தெரிந்த ஒன்றிரண்டு பேர் மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அப்பா அவள் குரலை அடைகாத்தார். அந்த வயதில் குரல் தடிக்கும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு துணி. மழையில் நனையக் கூடாது, கத்தக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்தால் கத்தத்தான் தோன்றும் என்று பள்ளிக்கூடமும் நின்றது. அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பார்வை முக்கால்வாசி போன பிறகும் விடியற்காலையில் எழுந்து, தடவித் தடவி அடுப்பைப் பற்றவைத்து, மகளுக்கு வெந்நீர் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கழுத்துத் துணியை அவரே துவைத்து இஸ்திரி போடுவார். கையைச் சுட்டுக்கொண்ட நாட்களும் உண்டு. சிட்டுவால் அவரைக் கோபிக்க முடிந்ததே இல்லை. கோபித்தால் கத்த வேண்டும்; கத்தினால் தொண்டை போகும். அந்தப் பழக்கத்தில் கோபமே வராமல் போயிற்று.

நடுவில் ஒரு கல்யாணப் பேச்சும் வந்தது. படத்தொகுப்பு வேலை பார்த்தவர், நல்ல மனுஷன். சில மாதம் போனில் பேசினார். பிறகு ஒருநாள் நேரில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க பேசும்போதெல்லாம் ஒரு குழந்தைகிட்ட பேசற மாதிரி இருக்கு. எனக்கே கூச்சமா இருக்குங்க" என்றார். சிட்டு அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ஸ்டூடியோவில் அதை அவளே வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டைக் கழுவும்போது மட்டும் கொஞ்சம் அதிகச் சத்தம் கேட்டது.

இப்படியே போன காலத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது.

புத்தகங்களை ஒலிவடிவில் கொண்டுவரும் சின்ன நிறுவனம் ஒன்று, பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு நாவலைப் பதிவு செய்ய அவளைக் கூப்பிட்டது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்கிற நாவல். அதை நடத்தியவள் முப்பது வயதைத் தொடாத இளம்பெண். எல்லாரும் அவளை டைரக்டர் என்பார்கள். மெல்லிய பேச்சு, ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். சிட்டுவின் குரலைக் கேட்டுவிட்டு, "இவ்ளோ நாள் எங்கக்கா இருந்தீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிட்டு அதுவரை ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்தவள் இல்லை. டப்பிங்கில் அவளுக்கு வருவதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வரும். இங்கே ஓர் அழுகை, அங்கே ஒரு கூச்சல், "அம்மா, என்னை விட்டுட்டுப் போகாதே" என்று ஒரு வரி. அந்தப் பெண் யார், ஏன் அழுதாள், அப்புறம் என்ன ஆனாள் என்பதெல்லாம் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. உதடு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று தெரிந்தால் போதும். இங்கே எதிரே திரை இல்லை. பின்தொடர ஓர் உதடும் இல்லை. மேஜையில் புத்தகம், ஒரு மைக், காதில் ஹெட்போன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே பெண்ணோடு இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கவில்லை. வாயாடி. அப்பா லாரி ஓட்டுகிறவர்; அவரை எதிர்த்துப் பேசுகிறாள். தம்பியின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் பொய் சொல்கிறாள். மொட்டைமாடியில் ஒளிந்துகொண்டு கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக் கவலைப்படுகிறாள். "மூக்கைப் பத்தி ரெண்டு பக்கமா? சோத்துக்கு இல்லாத கவலையா இது?" என்று சிட்டு டைரக்டரிடம் கேட்டாள். அந்த வயதில் மூக்கைவிடப் பெரிய கவலை கிடையாது, தான் ஒரு வருஷம் போட்டோவே எடுத்துக்கொள்ளவில்லை என்று டைரக்டர் சொன்னாள். சிட்டு யோசித்துப் பார்த்தாள். பதினான்கு வயதில் தன் மூக்கு எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. அவளை அன்றைக்கு யாரும் பார்த்ததில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான்.

படிக்கப் படிக்க, சிட்டுவை அறியாமலே அந்தப் பெண் வீட்டுக்கும் கூடவே வர ஆரம்பித்தாள். அடுப்படியில் நிற்கும்போது, அந்தப் பொய்யை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். பேருந்தில் பள்ளிச் சீருடையில் யாராவது ஏறினால் மூக்கைப் பார்ப்பாள். புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் மறுநாள் பகுதியை முன்கூட்டியே படித்தாள். அப்பாவும் இதில் சேர்ந்துகொண்டார். அவருக்குக் கண் முழுசாகப் போய்விட்டிருந்தது. வயது எண்பதை நெருங்கியது. காலையில் தெளிவாக இருப்பார். பொழுது சாயச் சாய, இது எந்த வருஷம், வீட்டில் யார் யார் என்பதெல்லாம் குழம்பும். ஆனாலும் வெந்நீரை உறிஞ்சியபடி, "அந்தப் பொண்ணு இன்னைக்கு என்ன பண்ணினா?" என்று கேட்க மறக்கமாட்டார். சிட்டு சொல்வாள். "அடி வாங்கப் போறா" என்று அவர் சிரிப்பார்.

ஓர் அத்தியாயத்தில் அந்தப் பெண் தன் அப்பாவைப் பார்த்து, நீ எப்பவும் உன் லாரியோடயே இரு, எங்களுக்கு நீ வேண்டாம் என்று கத்துகிறாள். சிட்டு அதைப் படித்தாள். கத்துவது அவளுக்குப் புதிதல்ல, தொழில். ஆனால் அன்று கத்தி முடித்த பிறகும் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. டைரக்டர், நன்றாக வந்தது, இன்னொரு தடவை வேண்டாம் என்றாள். "இல்லம்மா, இன்னொரு தடவை பண்றேன்" என்று சிட்டு தானாகவே கேட்டு வாங்கிக் கத்தினாள். சாயங்காலம் தொண்டை எரிய எரிய நடந்து வீட்டுக்குப் போனாள். அந்த எரிச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

பிறகு அந்த அத்தியாயம். கதையில் அந்தப் பெண்ணின் அம்மா இறந்துபோகிறாள். வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் யாரோடும் நிற்காமல் அடுப்படிக்குள் போகிறாள். காலையில் அம்மா வைத்த பால் பொங்கி வழிந்து, அடுப்பில் காய்ந்துபோய்க் கிடக்கிறது. அவள் ஒரு துணியை நனைத்து எடுத்து அதைத் துடைக்கிறாள். முழு அத்தியாயமும் அவ்வளவுதான்.

முந்தின நாள் வீட்டில் அதைப் படித்தபோது சிட்டுவுக்குக் கண் கலங்கவில்லை. தொழில்காரியாக, எங்கே மூச்சை இழுப்பது, எந்த வரியில் குரலை உடைப்பது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். இரண்டாவது பத்தியிலேயே ஹெட்போனில் டைரக்டரின் குரல் வந்தது.

"அக்கா, நீங்க அழறீங்க. அவ அழல."

சிட்டு மறுபடி படித்தாள். மறுபடியும் குரலில் தானாகவே ஓர் ஈரம் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷப் பழக்கம். அம்மா செத்துப்போனாள் என்ற வரி வாயில் வந்தாலே தொண்டை தன்பாட்டுக்கு அழும். டைரக்டர் நிறுத்தினாள். மூன்றாம் முறையும் நிறுத்தினாள்.

"சும்மா படிங்கக்கா. ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஒண்ணும் பண்ணாம எப்படிம்மா படிக்கிறது?" என்று சிட்டு நிஜமாகவே கேட்டாள். வயிற்றைக் கையால் குலுக்கி விம்மத் தெரியும். மூக்கின் பின்பக்கத்தை அடைத்துச் சிணுங்கத் தெரியும். மயங்கி விழும் முன் வரும் கேவல்கூடத் தெரியும். அழாமல் இருக்கிற பெண்ணுக்கு எப்படிக் குரல் கொடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

டைரக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளுக்கு அழத் தெரியாமல் இல்லை, ஏதோ அவளைத் தடுக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

சிட்டு தண்ணீர் குடித்துவிட்டு நான்காம் முறை தொடங்கினாள். இந்தத் தடவை எதுவும் செய்யவில்லை. கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வது போலப் படித்தாள். வாசலில் செருப்புகள். யாரோ ஒருத்தி தலையைத் தடவுகிறாள். அடுப்படி. காய்ந்த பால். 'நான் அழவில்லை. துணியை நனைத்து அடுப்பைத் துடைத்தேன். எவ்வளவு துடைத்தும் ஓரத்தில் கொஞ்சம் போகவில்லை' என்ற வரி வந்தது. படித்தாள். அடுத்த வரிக்குப் போக வாயைத் திறந்தாள்; சத்தம் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். கோளாறு இல்லை. சிட்டு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. இவ்வளவு காலம் அவள் அழுத எந்த அழுகையிலும் சேராத சத்தம் அது. தாழ்ந்து, கரகரத்து, அடிவயிற்றிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தது. இந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே புரியாத நேரத்தில், அது அம்மாவினுடையது என்று காதுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். டைரக்டர் உள்ளே ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெந்நீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, சிட்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்தப் பிற்பகல் முழுக்க அழுதாள். கடைசியில் ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வீடு வந்து சேர்ந்தபோது தொண்டை ரணமாக இருந்தது.

அப்பா வழக்கம்போல ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். கதவுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"யாரு?"

"நான்தான்" என்றாள் சிட்டு. அதற்கு மேல் வரவில்லை. வந்ததும் அவள் குரலாக இல்லை.

அப்பாவின் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்திராத ஓர் இளக்கம் அதில் வந்தது.

"வந்துட்டியா" என்றார். "எவ்ளோ நேரம்டி. சிட்டு சாப்ட்டாளா?"

அவர் தன்னை யாரென்று நினைக்கிறார் என்று சிட்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா, இது நான், உங்க பொண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"அவளுக்கு நாளைக்கு வேலை இருக்கு. ஐஸ் கிஸ் குடுத்துடாத. நான் இல்லாதப்ப நீ குடுக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சிட்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறார். அந்தக் கரகரத்த குரலிலேயே சொன்னாள்:

"அவ இன்னைக்கு அழுதாளுங்க."

"அழுதாளா? நீ பாத்துக்கிட்டா இருந்த? தொண்டை என்ன ஆகறது?"

"போனா போகட்டுங்க. அழட்டும்னு விட்டுட்டேன்."

அப்பா நாற்காலியின் கைப்பிடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"சின்னப் பொண்ணுதானே" என்றார் கடைசியில். "போ, நீ போய்ப் பக்கத்துல இரு. நான் வந்தா நிறுத்திடுவா."

சிட்டு அங்கேயே தரையில், அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைத் தொடவில்லை. அங்கே யாரோ இருப்பது தெரிந்ததா என்பதும் தெரியவில்லை. மகள் பக்கத்து அறையில் அம்மாவின் மடியில் படுத்து அழுதுகொண்டிருக்கிறாள் என்ற நிம்மதியில் கண்ணை மூடிக்கொண்டார்.

தொண்டையைப் பார்த்த டாக்டர், கொஞ்ச நாள் பேசவே கூடாது என்றார். சில வாரம் அப்பாவின் உள்ளங்கையில் தட்டித்தான் எல்லாம் சொன்னாள். ஒரு தட்டு என்றால் சாப்பாடு, இரண்டு தட்டு என்றால் மாத்திரை. பிறகு பேச ஆரம்பித்தபோது பழைய குரல் வரவில்லை. தடித்துத் தாழ்ந்த ஒரு நடுவயதுப் பெண்ணின் குரல் வந்தது. வயதும் ஒரு காரணம், என்றைக்கானாலும் மாறியிருக்கும், இவ்வளவு நாள் நின்றதுதான் அதிசயம் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

டைரக்டர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வெகுநேரம் மழையைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசினாள். புத்தகத்தை முதலிலிருந்து வேறொரு பெண்ணை வைத்துப் பதிவு செய்யப்போகிறார்கள். பாதியில் குரல் மாறினால் கேட்கிறவர்களுக்குப் புரியாது. சிட்டு, அதுதான் சரி என்றாள். நிஜமாகவே அவளுக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் புதுப்பெண்ணுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டாள். பதினாறு என்றதும், "அப்பச் சரியாப் படிப்பா" என்றாள். கிளம்பும்போது டைரக்டர் வாசலில் நின்று, அன்றைக்குப் பதிவானதைத் தான் அழிக்கவில்லை, கேட்கவும் இல்லை, வேண்டுமானால் தருகிறேன் என்றாள். சிட்டு வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்பாவுக்குத்தான் விளக்க முடியவில்லை. காலையில், "அப்பா, நான்தான் சிட்டு" என்றால் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சளி பிடிச்சிருக்கா? நேத்து நனைஞ்சியா?" என்பார். வெந்நீர் வைக்க எழுந்திருப்பார். சாயங்காலம் ஆனால் அவள் மனைவி ஆகிவிடுவாள். சிட்டு இரண்டுக்கும் பதில் சொன்னாள். ஒரு வீட்டில் இரண்டு பேராக இருப்பதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டாள்.

ஆனால் அந்த நாவலை அவர் மறக்கவில்லை. "அந்தப் பொண்ணு என்ன ஆனா? அம்மா செத்ததோட நிறுத்திட்டியே" என்று ஒரு காலையில் கேட்டார். சிட்டு புத்தகத்தை எடுத்துவந்து, விட்ட இடத்திலிருந்து அவருக்கு வாசித்தாள். புதுக்குரலில் பதினான்கு வயதுப் பெண் பேசுவது முதலில் அவளுக்கே பொருந்தாமல் இருந்தது; கொஞ்ச நாளில் அதுவும் சரியாகிவிட்டது. அந்தப் பெண் தம்பிக்குச் சமைக்கக் கற்றாள், ஒரு தோழியைப் பகைத்துக்கொண்டாள், ஒரு பையனுக்காக ஏங்கி ஏமாந்தாள், அப்பாவோடு லாரியில் ஒரு பகல் முழுக்கப் பேசாமல் பயணம் போய்த் திரும்பும் வழியில் பேசினாள். கடைசி அத்தியாயத்தில் படிப்புக்காக வேறு ஊருக்குக் கிளம்பினாள்.

"தனியாவா போறா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா."

"பயமில்லையா அவளுக்கு?"

"இருக்கு. இருந்தாலும் போறா."

அப்பா வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "உன்னை நான் எங்கயும் அனுப்பல" என்றார். அன்றைக்கு அவர் யாரிடம் பேசினார் என்பதில் குழப்பம் இல்லை. காலை நேரம், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. சிட்டு அவருடைய டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். தூக்கத்தில், அலுங்காமல். எதிர்வீட்டுக்காரர்கள், இவ்வளவு பெரிய வயதில் இப்படிப் போவது கொடுத்துவைத்த சாவு என்றார்கள். சிட்டு தலையை ஆட்டினாள். அவருக்கு வெந்நீர் வைக்கும் சின்னப் பாத்திரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

வேலை முழுசாக நின்றுவிடவில்லை. குரல் மாறியது தெரிந்ததும் சிலர் கூப்பிட்டார்கள்: தலைமையாசிரியை, பக்கத்துவீட்டுப் பெரியம்மா, மருமகளைக் குறைசொல்லும் மாமியார். ஒரு பெரிய கட்டடத்து லிஃப்டில், கதவு மூடுகிறது, தள்ளி நில்லுங்கள் என்று சொல்வதும் இப்போது அவள்தான். ஸ்டூடியோவில் பழைய ஆட்கள் கேட்டால், "பத்து வயசுலேருந்து நேரா மாமியாருக்குப் போயிட்டேன். நடுவுல ஒண்ணுமே இல்ல" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், இப்போது வாய்விட்டே.

வேலை இல்லாத நாட்களில் கடைத்தெருவில் உள்ள ஒரு புத்தகக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அலமாரி பின்பக்கம் இருக்கும். பள்ளி விட்டு வரும் பெண்களுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தைப் படித்துப் பார்ப்பாள். கடைக்காரர் சில தடவை கவனித்துவிட்டு ஒருநாள் உதவிக்கு வந்தார்.

"பொண்ணுக்காம்மா? பேத்திக்கா?"

"எனக்குத்தான்."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வயதுப் பெண்ணின் கதை வேண்டும் என்று விசாரித்தார்.

"பதிமூணுலேருந்து இருந்தா குடுங்க" என்றாள் சிட்டு. "வரிசையாப் படிச்சுக்கறேன்."